ஆழப் பள்ளம் தோண்டும் தளத்தில் கணினிக் கண்காணிப்பு: முதல் தடவை அமைப்பவருக்கு

ஒன்பது மீட்டர் ஆழம், மூன்று பக்கமும் பழைய கட்டடங்கள். அந்தத் தளத்தில் கண்காணிப்பு அமைப்பை நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்தபோது கணினி வேலை எனக்கு நன்றாகத் தெரியும். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல மாதம் தடுமாறினேன். நடுவில் ஓர் இரவு, ஒரு முட்டின் (பள்ளத்தின் சுவர் உள்ளே சாயாமல் குறுக்கே தாங்கும் எஃகுக் கம்பம்) சுமை திடீரென்று பாதிக்குக் கீழே இறங்கியது. லாகர் (சென்சார் அளவுகளைப் பதியும் கருவி) அதைச் சரியாகப் பதிவு செய்தது, அலாரமும் அனுப்பியது. செய்தி போன இரண்டு எண்களில் ஒன்று வேலையை விட்டுப் போனவருடையது. இன்னொருவர், ஏற்கெனவே வந்த பொய் அலாரங்களின் தொல்லை தாங்காமல் ஒலியை நிறுத்தி வைத்திருந்தார். காலையில் ஆட்கள் உள்ளே இறங்கிய பிறகுதான் நான் திரையைப் பார்த்தேன். ஓடிப்போய் எல்லாரையும் மேலே ஏற்றினோம். முட்டு சுவரோடு சேரும் இடத்தில் வெல்டிங் விட்டிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்தக் காலை நேரம் உங்களுக்கு வரக் கூடாது.

1. இது சென்சார் போடும் பள்ளமா என்று முதலில் பாருங்கள்

குழாய் பதிக்கத் தோண்டும் குறுகலான வாய்க்கால் பள்ளத்துக்கு இந்த அமைப்பு உதவாது. முட்டுக் கொடுக்காத செங்குத்து மண் இடியும்போது சில நொடிகள்தான் கிடைக்கும். சென்சார் படித்து, லாகர் அனுப்பி, கைபேசி ஒலிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். மார்பு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. அங்கே தேவை தடுப்புப் பலகையும் முட்டும், அல்லது சரிவாக வெட்டுவதும்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி 5 அடி ஆழத்திலிருந்தே இதைக் கட்டாயமாக்குகிறது. திடப்பாறைக்கு மட்டும் விலக்கு. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்டவும் அதே விதி சொல்கிறது. உங்கள் ஊர் விதி எதுவோ அதைப் பாருங்கள். ஆனால் "கேமரா இருக்கிறதே, முட்டு எதற்கு" என்று யாராவது பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கணினிக் கண்காணிப்பு பயன்படுவது, ஏற்கெனவே முறையாகத் தாங்குசுவரும் முட்டும் ஆங்கரும் (சுவரைப் பின்புற மண்ணோடு இழுத்துக் கட்டும் கம்பி) போட்டு, பல வாரம் திறந்திருக்கப் போகும் ஆழமான பள்ளத்துக்கு. அங்கே ஆபத்து பெரும்பாலும் மெதுவாக வளரும். சுவர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும், தண்ணீர் மட்டம் ஏறும், சுமை ஒரு முட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வைத்தான் கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

2. எதை அளப்பது என்பதை வடிவமைப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்

நான் செய்த முதல் தவறு, கருவி விற்பவரிடம் போய் "என்னென்ன போடலாம்" என்று கேட்டது. தாங்குசுவரை வடிவமைத்த பொறியாளரிடம்தான் போக வேண்டும். அவர் கணக்கில் சுவர் எந்த ஆழத்தில் அதிகமாக வளையும், எந்த முட்டில் சுமை அதிகம், எந்தக் கட்டடம் பலவீனம் என்பதெல்லாம் இருக்கும். கருவி அங்கேதான் போக வேண்டும்.

பொதுவாகப் பட்டியலில் வருபவை இவை. சுவர் ஆழவாட்டில் எவ்வளவு வளைகிறது என்று காட்ட இன்க்ளினோமீட்டர். நிலத்தடி நீரழுத்தத்துக்கு பீசோமீட்டர். முட்டு, ஆங்கர் சுமைக்கு லோட் செல் அல்லது ஸ்ட்ரெயின் கேஜ். பக்கத்துக் கட்டடம் இறங்குகிறதா என்று பார்க்க பிரிசம்களும் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குறிகள்), அவற்றைத் தானே சுற்றிப் படிக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியும். இருக்கிற விரிசல்களுக்கு விரிசல்மானி. பைல் அடிப்பது, பாறை உடைப்பது இருந்தால் அதிர்வுமானி.

எவ்வளவு தூரம் வரை கண்காணிப்பது என்ற கேள்விக்கு ஒரு தோராயம்: பள்ளத்தின் ஆழத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தூரம் வரை நிலம் இறங்கலாம். மென்களிமண்ணில் இதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

3. காகிதங்கள்

இதில் சோம்பல் பட்டால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. தோண்டத் தொடங்கும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

- கண்காணிப்புத் திட்டம்: கருவிகளின் இடம், எத்தனை மணிக்கு ஒரு முறை படிப்பது, வரம்புகள், யார் பொறுப்பு. வடிவமைப்பாளர் கையெழுத்துடன்.
- ஒவ்வொரு சென்சாருக்கும் அளவுத்திருத்தச் சான்று, அதன் வரிசை எண்ணோடு.
- பொருத்திய பதிவு: துளையின் ஆழம், மண் அடுக்குகள், ஆயத்தொலைவு, தேதி, புகைப்படம்.
- பக்கத்துக் கட்டடங்களின் முன்நிலை ஆய்வு: ஒவ்வொரு விரிசலும் அளவுகோல் வைத்து எடுத்த படம், உரிமையாளர் கையெழுத்து.
- பிரிசம், விரிசல்மானி ஒட்ட அந்த உரிமையாளர்களின் எழுத்துச் சம்மதம்.
- அலாரம் அட்டவணை: எந்த அளவில் யார் என்ன செய்வது. இதற்கு 8ஆம் படியில் திரும்ப வருகிறேன்.

சம்மதக் கடிதம்தான் எல்லாவற்றையும் விட நேரம் தின்னும். ஒரு வீட்டு உரிமையாளரைப் பிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அவரிடம் "உங்கள் வீட்டுக்கு ஏதாவது ஆனால் முதலில் தெரிவது இதில்தான், அறிக்கையின் பிரதி உங்களுக்கும் வரும்" என்று உட்கார்ந்து விளக்கிய பிறகு உடனே கையெழுத்துப் போட்டார். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

4. காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

முதல் பக்கெட் மண் எடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், எல்லாக் கருவியும் அமைதியான நிலத்தைப் படித்திருக்க வேண்டும். வெயில், மழை, பக்கத்துச் சாலை வண்டி இவற்றால் எண்கள் இயல்பாக எவ்வளவு ஆடும் என்பது அப்போதுதான் தெரியும். அதற்கு முன் இன்க்ளினோமீட்டர் குழாயைச் சுற்றி ஊற்றிய கிரவுட் (சிமெண்ட் கலவை) இறுக ஒரு வாரமாவது விடுங்கள். அதற்கு முன் துளையிடும் நாட்கள். அதற்கும் முன் கருவி வந்து சேரும் வாரங்கள். கூட்டிப் பார்த்தால் மூன்று மாதம் முன்பே ஆர்டர் போட்டிருக்க வேண்டும்.

தோண்டத் தொடங்கிய பிறகு எடுத்த ஆரம்ப அளவு எதற்கும் ஆகாது. அதற்குள் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பது எந்தக் கணினியிலும் கிடைக்காது. ஒப்பந்ததாரர் அவசரப்படுத்தினால், இந்த இரண்டு வாரத்தை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

5. செலவு எங்கே போகிறது

விலைப்பட்டியலில் சென்சார் விலையை மட்டும் பார்த்து நான் பட்ஜெட் போட்டேன். துளையிடும் கூலியும் கேசிங் குழாயும் கிரவுட்டும் பல இடத்தில் சென்சாரை விட அதிகமாக வந்தன. அப்புறம் மாதாமாதம் வருபவை: சிம் டேட்டா, மென்பொருள் சந்தா, பேட்டரி, பிரிசம் துடைக்க ஆள், மறு அளவுத்திருத்தம். வேலை தாமதமானால் இந்த மாதச் செலவும் நீளும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.

உடைவுக்கும் தனியாக ஒதுக்குங்கள். எக்ஸ்கவேட்டர் கேபிளை அறுக்கும், லாரி துளை மூடியை நசுக்கும். என் கணக்கில் பத்தில் ஒரு பங்கு கருவியை மாற்ற வேண்டி வந்தது. பணம் குறைவு என்றால் கருவிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, முக்கியமான ஓரிரு குறுக்குவெட்டுகளில் இன்க்ளினோமீட்டர், பீசோமீட்டர், லோட் செல் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஒன்று சொல்வதை இன்னொன்று உறுதிசெய்யும். தளம் முழுக்க ஒவ்வொன்றாகத் தூவினால் எதையும் உறுதிசெய்ய முடியாது. எண்களைப் படித்துப் பொருள் சொல்லும் பொறியாளரின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

6. பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள்

இன்க்ளினோமீட்டர் குழாயின் அடி அசையாத மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். அளவுகள் எல்லாம் அடி நிற்கிறது என்ற நம்பிக்கையில் கணக்கிடப்படுகின்றன. குழாய் சுவரின் அடியோடு நின்றுவிட்டால், சுவர் அடியில் உதைத்துக்கொண்டு நகரும்போது அந்த நகர்வு திரையில் சரியாகத் தெரியாது. சுவருக்குக் கீழே சில மீட்டர், நல்ல உறுதியான அடுக்கு வரை இறக்கச் சொல்லுங்கள். குழாயின் உள்ளே உள்ள காடிகளில் ஒரு ஜோடி பள்ளத்தைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். கிரவுட் இறுகிய பிறகு திருப்ப முடியாது.

பீசோமீட்டரைத் துளைக்குள் இறக்கும் முன் அதன் வடிகட்டியைத் தண்ணீரில் ஊற வைத்து, அங்கேயே பூஜ்ய அளவை எடுத்து, அப்போதைய காற்றழுத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் நீர்மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் மாறியது போல் காட்டும். புயல் நாளில் 20 மில்லிபார் இறங்கினால் 20 சென்டிமீட்டர் பொய்யாகத் தெரியும். தளத்தில் ஒரு காற்றழுத்தமானியை வைத்து மென்பொருளில் கழித்துவிடுங்கள்.

டோட்டல் ஸ்டேஷனை வசதியான இடம் என்று பள்ளத்தின் ஓரத்தில் வைப்பார்கள். அதுவும் சேர்ந்து நகரும். அது ஒவ்வொரு சுற்றிலும் தன் இடத்தைச் சரிபார்க்க, நகராத தூரத்தில் குறைந்தது மூன்று நான்கு குறிப்புப் பிரிசம்கள் வேண்டும். தூரத்தையும் பாருங்கள்: ஒரு நொடிக்கோணத் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) துல்லியமுள்ள கருவி 100 மீட்டரில் கோணத்தால் மட்டும் அரை மில்லிமீட்டர் பிழை தரும். 2 மில்லிமீட்டர் வரம்பு வைத்துவிட்டு 200 மீட்டர் தள்ளி நிறுத்தினால் பொய் அலாரம்தான் வரும்.

சென்சார் வரிசை எண்ணையும் இடத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். எங்கள் தளத்தில் இரண்டு லோட் செல்களின் சான்றுகள் இடம் மாறிப்போய், ஒன்றின் அளவுத்திருத்த மாறிலியை இன்னொன்றுக்குப் போட்டு ஆறு வாரம் தவறான சுமையைப் படித்தோம்.

7. கணினிப் பக்கம்

சென்சாரிலிருந்து லாகர், லாகரிலிருந்து கேட்வே (தரவை இணையத்துக்கு அனுப்பும் பெட்டி), அங்கிருந்து சர்வர், பிறகு டாஷ்போர்டு. இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் லாகரிலேயே சில வாரத்துக்கான அளவுகள் சேமிப்பில் இருக்க வேண்டும். வாங்கும் முன் இதைக் கேளுங்கள். ஆழமான பள்ளத்துக்குள்ளும் இரும்பு முட்டுகளுக்கு இடையிலும் கம்பியில்லாத் தொடர்பு திணறும். கேட்வேயை மேலே, பார்வை படும் உயரத்தில் வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட பொறிகள் இவை:

மூலத் தரவை அப்படியே வைத்திருங்கள். அதிர்வுக் கம்பி சென்சார் (உள்ளே இறுக்கிய கம்பி அதிரும் வேகத்தை அளப்பது) தருவது அதிர்வெண். சுமையோ அழுத்தமோ அதிலிருந்து கணக்கிடப்படுவது. மாறிலி தவறு என்று பிறகு தெரிந்தால், மூலம் இருந்தால்தான் மறுபடி கணக்கிட முடியும். அந்த ஆறு வாரத்தை எங்களால் மீட்க முடிந்தது இதனால்தான்.

நேரம். லாகர் உலகப் பொது நேரத்திலும் டாஷ்போர்டு உள்ளூர் நேரத்திலும் ஓடினால், "மண் எடுத்த பிறகு சுமை ஏறியது" என்பது "எடுக்கும் முன்பே ஏறியது" என்று மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கட்டுங்கள்.

குறி. பள்ளத்தை நோக்கிய நகர்வு கூட்டலா கழித்தலா என்று திட்டத்திலேயே எழுதி, எல்லா வரைபடத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

இவற்றில் மிக ஆபத்தானது நேர்க்கோடு. சில மென்பொருள்கள் தரவு வராதபோது கடைசி அளவையே நீட்டிக் காட்டும். கோடு அமைதியாக இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் கேபிள் அறுந்து மூன்று நாள் ஆகியிருக்கும். வராத தரவு திரையில் இடைவெளியாகத் தெரிய வேண்டும். "தரவு வரவில்லை" என்பதும் ஓர் அலாரமாக இருக்க வேண்டும்.

8. அலாரம்: இங்கேதான் உயிர் இருக்கிறது

பொதுவாக இரண்டு மூன்று படி வைப்பார்கள். வடிவமைப்பில் கணித்த அளவில் 70 சதவீதம் போல ஒரு எச்சரிக்கை, முழு அளவைத் தொட்டால் நிறுத்தம், அதாவது சிவப்பு. எண்களை நிர்ணயிப்பவர் வடிவமைப்பாளர்தான். மென்பொருளோடு வந்த இயல்பு எண்ணை விட்டுவைக்காதீர்கள். தோண்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரம்பு கேளுங்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, கடைசி ஆழத்துக்கான வரம்பை வைத்துக்கொண்டு எல்லாம் பச்சை என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். மொத்தம் 15 மில்லிமீட்டர் என்பது இரண்டு மாதத்தில் வந்தால் ஒரு கதை, இரண்டு நாளில் வந்தால் வேறு. மண் எடுக்காத நாளிலும் நகர்வு ஏறிக்கொண்டே போனால், வரம்பைத் தொடாவிட்டாலும் உடனே வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள்.

சுமைக்குக் கீழ்வரம்பும் வேண்டும். எல்லாரும் சுமை ஏறுவதற்கு மட்டும் வைப்பார்கள். ஒரு முட்டின் சுமை திடீரென்று இறங்கினால் அது வேலையை விட்டுவிட்டது என்று பொருள். அந்தச் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போயிருக்கும். நான் முதலில் சொன்ன இரவில் நடந்தது அதுதான்.

பொய் அலாரத்தைக் குறைப்பது ஆடம்பர வேலை இல்லை. தினம் பத்து முறை ஒலித்தால் பதினோராவதை யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் பொய் அலாரங்களில் பெரும்பகுதி வெயிலால் வந்தது. இரு முனையும் முழுக்க இறுகிய எஃகு முட்டு 10 டிகிரி சூடானால் அதன் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் விசை) ஏறக்குறைய 24 மெகாபாஸ்கல் ஏறும். குறுக்குவெட்டு 20,000 சதுர மில்லிமீட்டர் என்றால் 480 கிலோநியூட்டன், அதாவது 49 டன் அளவு. மண் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும்; ஆனாலும் மதிய வெயிலில் அலாரம் அடிக்கப் போதும். இதற்காக வரம்பை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். அந்தச் சூட்டுச் சுமையும் முட்டு தாங்க வேண்டிய நிஜச் சுமைதான். ஒவ்வொரு முட்டிலும் வெப்பநிலையைச் சேர்த்துப் பதிந்து, விடியற்காலை அளவுகளை நாளுக்கு நாள் ஒப்பிடுங்கள். வெப்பத்தைச் சேர்த்து வரம்பு எவ்வளவு என்று வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு தாவலான அளவு வந்தால், சில நிமிடத்தில் தானாக மறு அளவு எடுத்து உறுதிசெய்யும்படி லாகரை அமையுங்கள்.

சரி, அலாரம் அடித்துவிட்டது. அப்புறம்? இதைக் காகிதத்தில் இப்படி எழுதினோம்: சிவப்பு வந்தால், அந்த நேரப் பொறுப்பில் உள்ள சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் ஆட்களை மேலே ஏற்றுவார். யந்திரம் நிற்கும். விளிம்பில் நிற்கும் லாரியும் கிரேனும் விலகும். பிறகுதான் தொலைபேசி. அவர் பெயர், அவருக்கு அடுத்தவர் பெயர், இரவுப் பொறுப்பாளர் பெயர் எல்லாம் பட்டியலில் உண்டு. பத்து நிமிடத்தில் யாரும் பதில் தராவிட்டால் செய்தி அடுத்த ஆளுக்குத் தானாகப் போகும். தளத்திலேயே ஒரு சைரனும் விளக்கும் வையுங்கள். பள்ளத்துக்குள் வேலை செய்பவர் கையில் கைபேசி இருக்காது. வேலையை நிறுத்தியதற்காக சூப்பர்வைசர் மேல் யாரும் கோபப்பட மாட்டோம் என்று திட்ட மேலாளரே கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு முறை ஒத்திகை பாருங்கள், அதில் ஒன்றாவது இரவில்.

சிவப்பு வந்த பிறகு வரம்பை உயர்த்தி வேலையைத் தொடரலாம் என்ற பேச்சு வரும். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் ஹைவே அருகே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய ஆழப் பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே கருவிகள் இருந்தன. சுவர் கணித்ததை விட அதிகம் வளைவதையும் அவை காட்டின. கணக்கைத் திருப்பிப் போட்டு, வரம்புகளை உயர்த்தி வேலை தொடர்ந்தது. ஆகவே வரம்பை மாற்றும் அதிகாரம் தளத்தில் யாருக்கும் இருக்கக் கூடாது. ஏன் கணிப்பு தவறியது என்று காரணம் எழுதி, அந்த வடிவமைப்பில் சம்பந்தப்படாத வேறொரு பொறியாளரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மென்பொருளில் எண் மாற வேண்டும். மென்பொருளின் கடவுச்சொல்லையும் அதற்கேற்பப் பூட்டுங்கள்.

9. தினமும் செய்ய வேண்டியது

காலை வேலை தொடங்கும் முன் இருபது நிமிடம் போதும். எல்லாச் சென்சாரும் உயிரோடு இருக்கின்றனவா, பேட்டரி எப்படி, நேற்றிலிருந்து என்ன மாறியது. பிறகு திரையை விட்டு எழுந்து பள்ளத்தைச் சுற்றி ஒரு நடை. விளிம்பில் புது விரிசல், சுவர் இணைப்பில் கலங்கல் தண்ணீர், வளைந்த வேலர் (முட்டுக்கும் சுவருக்கும் இடையே படுக்கையாகப் போகும் எஃகு உத்தரம்), இவற்றைக் கண்தான் பிடிக்கும். மண்ணை அடித்துக்கொண்டு வரும் கலங்கல் தண்ணீரை எந்தச் சென்சாரும் எனக்குச் சொன்னதில்லை. பம்ப் ஆபரேட்டர்தான் சொன்னார். மழைக்குப் பிறகு இந்த நடை கட்டாயம்.

தள நிகழ்வுகளை அதே டாஷ்போர்டில் பதியுங்கள்: எந்தப் பகுதி எந்த ஆழம் வரை எடுத்தார்கள், எந்த முட்டு எப்போது இறுக்கினார்கள், பம்ப் எப்போது நின்றது, எவ்வளவு மழை. இவை இல்லாத வரைபடத்தை ஒரு மாதம் கழித்து யாராலும் படிக்க முடியாது.

10. முட்டு எடுக்கும்போது கருவியை எடுக்காதீர்கள்

அடித்தளம் போட்டாகிவிட்டது, இனி மாதச் சந்தா எதற்கு என்று கேட்பார்கள். முட்டுகளைக் கழற்றும்போது சுமை புதிய கான்கிரீட் தளங்களுக்கு மாறும், சுவர் மறுபடி நகரும். தண்ணீர் இறைப்பதை நிறுத்தினால் நீரழுத்தம் ஏறி அடித்தளத்தை மேலே தள்ளும். ஆகவே கடைசி முட்டும் போய், பம்பும் நின்று, அளவுகள் சில வாரம் அசையாமல் இருக்கும் வரை ஓட்டுங்கள். இந்தக் காலத்தையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும். நடுவில் கேட்டால் கிடைக்காது.

சந்தா முடிவதற்கு முன் எல்லா மூலத் தரவையும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, அளவுத்திருத்தச் சான்றுகளோடு இரண்டு இடத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்த அறிக்கையையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். கணக்கு மூடிய பிறகு சர்வரிலிருந்து எதையும் எடுக்க முடியாது.